டன்ஜன் இலக்கணமும் உரையும்

1974-இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இரு அமெரிக்கர்கள் மூன்று சிறு புத்தகங்களாக ஒரு மேசை ஆட்டத்தை வெளியிட்டார்கள். பெயர், டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். இதில் டிராகன் எது என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. சிறகு, செதில், வாயில் நெருப்பு. கண்டால் ஓட வேண்டும் என்பது குழந்தைக்கும் தெரியும். டன்ஜனோ ஐம்பது ஆண்டுகளாக இலக்கணமின்றிக் கிடக்கிறது. ஆடுவோர் அதற்குள் போகிறார்கள், சாகிறார்கள், புதுப் பாத்திரம் எழுதிக்கொண்டு மறுபடியும் போகிறார்கள். எங்கே போனோம் என்று வரையறுக்கத்தான் ஆளில்லை. அக்குறையை நீக்க எழுந்தது இந்நூல்.

ஆட்டம் அறியாதவர்க்கு ஒரு வார்த்தை. மேசையைச் சுற்றி நாலைந்து பேர்: ஒருவர் வீரர், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் திருடர். திருடரை எல்லாரும் சந்தேகிப்பார்கள், பூட்டைக் கண்டால் அவரைத்தான் முன்னே தள்ளுவார்கள். எதிரே வரைபடத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் டன்ஜன் மாஸ்டர். கதை நடுக்காட்டில் நடந்தாலும் நடுக்கடலில் நடந்தாலும் அவர் டன்ஜன் மாஸ்டரே. ஆதலால் பதவிப் பெயர் இங்கே சான்றாகாது.

எந்த இலக்கணத்துக்கும் மூன்று குற்றம் ஆகாதென்பர் தருக்க நூலார். சேர்க்க வேண்டியதை விடுவது அவ்வியாப்தி. வேண்டாததை வாரிக்கொள்வது அதிவியாப்தி. எதற்குமே பொருந்தாதது அசம்பவம். இதுவரை சொல்லப்பட்ட இலக்கணங்கள் மூன்றிலும் வஞ்சனையின்றி விழுந்திருக்கின்றன.

'கைதிகளை அடைக்கும் இடமே டன்ஜன்' என்பார் ஒரு சாரார். 1979-இல் வந்த 'த கீப் ஆன் த பார்டர்லேண்ட்ஸ்' என்ற கதைக்களத்தில் ஹாப்காப்ளின் என்னும் பூதங்களின் குகையொன்றில் ஒரு வணிகரும் அவர் மனைவியும் கட்டுண்டு கிடப்பது உண்மைதான். ஆனால் அவர்கள் தண்டனை அனுபவிப்பவர்கள் அல்லர், விருந்துச் சமையலுக்குக் காத்திருப்பவர்கள். சமையலறையைச் சிறை எனல் பொருந்தாது.

'நிலத்துக்கு அடியில் இருப்பதே டன்ஜன்' என்பார் இன்னொரு சாரார். டிரேசி ஹிக்மன், லாரா ஹிக்மன் தம்பதி 1983-இல் எழுதிய 'ரேவன்லாஃப்ட்' கதையின் கோட்டை கீழே கல்லறைகளாகவும் மேலே கோபுரங்களாகவும் நீள்கிறது. படியேறினால் டன்ஜன் தீர்ந்துவிடும் என்று நம்பி ஏறிய குழு எதுவும் நிம்மதி கண்டதாகத் தெரியவில்லை. 1980-இல் வெளியான 'எக்ஸ்பெடிஷன் டு த பேரியர் பீக்ஸ்' இக்கட்சியை இன்னும் சங்கடப்படுத்துகிறது. அங்கே டன்ஜனாக இருப்பது மலையில் விழுந்துகிடக்கும் ஒரு விண்கலம். கவசம் பூண்ட வீரர்கள் வண்ண அட்டை காட்டிக் கதவு திறக்கிறார்கள், எதிரே ரோபோ வருகிறது. ஆயினும் ஆடியவர்கள் ஐந்தாம் நிமிடத்தில் சுவரைத் தட்டிப் பார்த்து, பத்தடிக் கம்பால் தரையைக் குத்தத் தொடங்கிவிடுவார்கள். அறிவு மயங்கினாலும் கை மயங்காது.

'பூதங்கள் வாழ்வதே டன்ஜன்' என்பாருக்கு ஒரே வரியில் விடை: 'டூம் ஆஃப் ஹாரர்ஸ்'. கைகாக்ஸ் எழுதிய அந்தக் கல்லறையில் பூதங்கள் சொற்பம், வாசல்கள் மூன்றில் இரண்டு போலி. கொல்லும் வேலையைக் கட்டிடமே பார்த்துக்கொள்கிறது.

இனி, இப்பொருளில் கிடைக்கும் ஒரே சட்டபூர்வமான சான்றைப் பார்ப்போம். பழைய விதிநூல்களில் தொலைவை அங்குலத்தில் சொல்வார்கள். டன்ஜனுக்குள் ஓர் அங்குலம் பத்தடி, திறந்தவெளியில் பத்து கஜம். 1978-இன் கணக்குப்படி நீள வில்லின் உச்ச எல்லை 21 அங்குலம். உள்ளே எய்தால் 210 அடி, வெளியே எய்தால் 630 அடி. அதாவது, நாம் எங்கே இருக்கிறோம் என்பது நமக்குத் தெரியாவிட்டாலும் அம்புக்குத் தெரியும். கூரை இருந்தால் அம்பு வளைந்து பறக்க முடியாது என்பது இதற்குச் சமாதானம். கூரையே இலக்கணம் என்றால் கூரை இடிந்த அறை? குகைவாயில் ஒரு காலை உள்ளேயும் ஒரு காலை வெளியேயும் வைத்து எய்பவர்? மேற்சொன்ன 1979-ஆம் ஆண்டுக் கதையில் ஒரே மலையிடுக்கில் வரிசையாகக் குகைவாய்கள். ஆகவே இக்கேள்வி கற்பனையன்று, மூன்றாவது ஆட்டத்திலேயே யாராவது கேட்டுவிடுவார்கள். டன்ஜன் மாஸ்டர் தண்ணீர் குடிக்க எழுந்து போவார்.

மந்திரவாதியின் தீயுருண்டைச் சட்டம் இதைவிட விசித்திரம். அதை எறியும் தொலைவு வெளியே மும்மடங்காகும், வெடிக்கும் பரப்பு மட்டும் மாறாது. இந்த நுட்பத்தை மறந்து சொந்தக் குழுவையே வறுத்தவர்கள் பலர் என்பதால் மேலும் சொல்லாமல் விடுகிறேன்.

எனவே கூரையையும் விட்டோம். நூற்பா வருமாறு:

எண்ணிய வழியும் எரியும் பந்தமும்
திண்ணிய கதவும் திரும்பலில் ஐயமும்
நண்ணிய இடமே டன்ஜன் என்ப.

'என்ப' என்றது யார் என்று கேட்கலாகாது. நூற்பா மரபு அது.

எண்ணிய வழியாவது, இத்தனைதான் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய வழி. கிராஃப் தாளில் ஒரு கட்டம் பத்தடி. இடமா, வலமா, நேரா, கதவா, அவ்வளவே. வழி ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஜெனல் ஜாக்வேஸ் 1979-இல் வரைந்த 'கேவர்ன்ஸ் ஆஃப் த்ராசியா' வளைந்து வளைந்து தன்னையே சந்திக்கும், ஆனாலும் எண்ணலாம். காட்டில் முந்நூற்றறுபது பாகையும் வழி என்பதால் காடு டன்ஜன் ஆகாது. இருபுறமும் முள் அடைத்து நடுவே ஒற்றையடிப் பாதை விட்டால் அது மரம் முளைத்த டன்ஜன்.

எரியும் பந்தமாவது, நேரம் செலவு என்பது. ஒரு முறை என்பது பத்து நிமிடம், தீப்பந்தம் ஆறு முறை எரியும் என்கிறது 1981-இன் விதிநூல். 1974-இன் நூலோ ஒவ்வொரு முறை முடிவிலும் நடுவர் ஆறுமுகப் பகடை உருட்ட வேண்டும், ஆறு விழுந்தால் அலையும் பூதம் வரும் என்கிறது. கதவருகே நின்று அரைமணி நேரம் வாதிட்டால் மூன்று உருட்டல். ஆகவே டன்ஜனில் வாதத்துக்கு வாடகை உண்டு. வேறெங்கும் அது இலவசம்.

திண்ணிய கதவுதான் இந்நூற்பாவின் உயிர். அதே 1974-ஆம் ஆண்டு நூலின்படி, கதவு மனிதருக்குத் தள்ளினால் திறக்காது. மோதிப் பகடை உருட்டி ஒன்றோ இரண்டோ விழ வேண்டும். திறந்த கதவு தானே மூடிக்கொள்ளும். பூதத்துக்கு மட்டும் தானே திறக்கும். இதோடு நின்றதா? பூதங்களுக்கு இருட்டில் கண் தெரியும். ஆனால் ஏதாவது ஒரு பூதம் மனம் திருந்தி நம் குழுவில் வேலைக்குச் சேர்ந்தால் அப்போதே அந்தப் பார்வை போய்விடும். இவ்வளவு ஓரவஞ்சனையைக் கல்லும் சுண்ணாம்பும் தாமாகச் செய்யா. டன்ஜன் என்பது இடம் என்பதைவிட எதிர்க்கட்சி என்பதே என் துணிபு.

திரும்பலில் ஐயம் வெளிப்படை.

இனித் தடை. 'வீரர்கள் கூடும் மதுக்கடைக்கும் கதவுண்டு, விளக்குண்டு, திரும்பலில் ஐயமும் உண்டே' எனின், அன்று. அங்கே விளக்கெண்ணெய் கடைக்காரர் செலவு. 'ரேவன்லாஃப்ட்' கோட்டையில் மெழுகுவத்தி ஏற்றி வைத்திருந்தால்? விருந்தாளி இருக்கும்வரை அது வீடு, அணைந்த கணத்தில் டன்ஜன். இவ்விடை எனக்கே முழு நிறைவு தரவில்லை எனினும் வேறில்லை.

இறுதியாக ஒரு தடை. ஜெலட்டினஸ் கியூப் என்றொரு பூதம் உண்டு. பக்கத்துக்குப் பத்தடி, கண்ணாடிபோல் தெளிவு. கிராஃப் தாளின் ஒரு கட்டத்தை அச்சாக அடைத்துக்கொண்டு நடைவழியைத் துடைத்துச் செல்லும், தொட்டவர் உடல் மரத்துப்போகும். அதற்குள் அகப்பட்டவர் டன்ஜனில் இருக்கிறாரா? எண்ண வழியில்லை, பந்தம் எரியாது, கதவு கிடையாது, திரும்பலில் ஐயமே இல்லை. நான்கும் இன்மையால் அவர் டன்ஜனுக்கு வெளியே இருக்கிறார் என்பதே நூற்பாவின் முடிபு. ஆகவே அவர் எறியும் ஈட்டி திறந்தவெளிக் கணக்கில் மும்மடங்கு தூரம் போகும். கையசைக்க முடிந்தால்.