ஒலியறு நிலையியல்: சேரப்பணஞ்சேரி வான்வெளியை முன்வைத்து

1. ஆய்வுக் களம்

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில், படப்பையைத் தாண்டி ஒரகடம் சிப்காட்டுக்குப் போகும் வழியில் உள்ளது சேரப்பணஞ்சேரி. இவ்வூரில் விமான நிலையம் இல்லை என்பார் வரைபடத்தை மட்டும் நம்புவோர். முதல் ஷிஃப்ட் முடித்துக் கம்பெனி பஸ்ஸில் வந்திறங்கும் இளைஞர், கைலியோடு கணினி முன் அமர்ந்து, ஏ320 ஒன்றைச் சென்னையிலிருந்து மதுரைக்குக் கிளப்பும்போது அந்த மாடியறை காக்பிட் அன்றி வேறென்ன?

2001இல் தொடங்கிய, கணினியில் விமானம் ஓட்டுவோர் கூடும் வாட்சிம் என்னும் இணைய வலைப்பின்னலே இவரது வானம். அங்கே விமானம் பொய். விமானியும் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளரும் மெய். இருவருக்கும் சம்பளம் கிடையாது. ஆகவே கூப்பிட்டுப் பதில் வராதபோது எழும் கோபம் கலப்படமற்றது.

2. வகைப்பாடு

ஒலியிழப்பு நால்வகைப்படும்.

முதலாவது, கேளாமை. ஹெட்செட் செருகியிருக்கும், கணினியோ ஒலியை மானிட்டரின் ஸ்பீக்கருக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். அலைவரிசை எண்ணைத் தவறாக மாற்றியிருந்தாலும் இதே நிலைதான். இதை எளிய நோய் என்று இகழ்தல் கூடாது. 2017 பிப்ரவரியில் மும்பையிலிருந்து லண்டன் சென்ற ஜெட் ஏர்வேஸ் விமானம் ஜெர்மனிக்கு மேலே தொடர்பிழந்தபோது, அந்நாட்டுப் போர்விமானங்களே எழுந்து வந்தன.

இரண்டாவது, மிகைபேசல். பேசும் பொத்தான் அழுந்தியபடி சிக்கிக்கொள்ள, "தோசை ஆறிப்போகுது, வாடா" என்னும் குரல் சென்னை அப்ரோச் அலைவரிசை முழுதும் பரவும். இதை ஒலியிழப்பில் சேர்ப்பது எப்படி என்று வினவுவோர்க்கு விடை: இழப்பு மற்றவர்க்கு. ஒருவர் பொத்தானை விடாதவரை ஏனையோர் பேச்சு எடுபடாது.

மூன்றாவது, கேட்டும் பேசாமை. மேற்படி தோசைக்காக விமானி எழுந்து போய்விட்டார். விமானத்தைத் தன்னியக்கம் ஓட்டுகிறது. முப்பது நிமிடத்துக்கு மேல் இருக்கையை விட்டு அகலலாகாது என்பது வாட்சிம் விதி. முதலில் கட்டுப்பாட்டாளரின் எழுத்துச் செய்தி வரும். பிறகு மேற்பார்வையாளர் வருவார். அதன்பின் இணைப்பே போகும்.

நான்காவது, மின்வெட்டு. இது ஒலியிழப்பு ஆகாது, குரலோடு விமானமும் ரேடாரிலிருந்து மறைவதால் உயிரிழப்பே என்பாரும் உளர். அது பொருந்தாது. கணினிக்கு யூபிஎஸ் இருந்து, ரூட்டருக்கு இல்லாத வீடுகளை அவர்கள் கண்டதில்லை போலும். அங்கே விமானம் பறந்துகொண்டேயிருக்கும். மற்ற விமானங்களும் கட்டுப்பாட்டாளரும்தான் மறைந்துபோவர். உலகம் தன்னைக் கைவிட்டது என்று விமானி கருதும் அதே நொடியில், விமானி கைவிட்டார் என்று உலகம் கருதும்.

3. விதி

மெய்யான வானில் ரேடியோ பழுதானால் ரேடாருக்கு அடையாள எண் அனுப்பும் டிரான்ஸ்பாண்டரில் 7600 என்று வைக்க வேண்டும். வானம் தெளிந்திருந்தால், தெளிவு விலகாமல் பறந்து அருகிலுள்ள தகுந்த நிலையத்தில் இறங்க வேண்டும். மேகத்துள் என்றால், கடைசியாகக் கொடுத்த உயரத்தையும் வேகத்தையும் ரேடார் கண்காணிப்பு உள்ள இடத்தில் 7 நிமிடம், அல்லாத இடத்தில் 20 நிமிடம் காத்து, பின் ஃப்ளைட் பிளான்படி செல்ல வேண்டும். கோபுரத்து விளக்கு நிலையான பச்சை காட்டினால் இறங்கலாம். விட்டுவிட்டுச் சிவப்பு காட்டினால் கூடாது. பகலில் இறக்கையை ஆட்டுவதே "புரிந்தது" என்பதற்கு அடையாளம்.

இத்தனைக்கும் உட்பொருள் ஒன்றே. பேசாதவர் அடுத்து என்ன செய்வார் என்பது பேசக் காத்திருப்பவருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தால், அவருக்கு வழிவிட்டு மற்ற விமானங்களை ஒதுக்கிவிடலாம். ஆபத்து மௌனத்தில் இல்லை; மௌனமானவர் திடீரென்று புத்திசாலித்தனம் காட்டுவதில் இருக்கிறது.

வாட்சிமில் இவ்விதிகளுக்கு வேலை குறைவு. வாய் போனாலும் விசைப்பலகை இருக்கிறது. எழுத்தில் மட்டும் பேசுவோர் ஃப்ளைட் பிளானின் குறிப்புப் பகுதியில் "டி" என்றும், கேட்க மட்டும் முடிந்தவர் "ஆர்" என்றும் முன்கூட்டியே குறிக்கலாம். 7600 வைத்து ஒலியிழப்பை நடித்துப் பார்க்கவும் தடையில்லை. ஆனால் கட்டுப்பாட்டாளர் நிறுத்தச் சொன்னால் உடனே நிறுத்த வேண்டும், அல்லது வெளியேற வேண்டும். கடத்தலைக் குறிக்கும் 7500க்கு மட்டும் எந்நிலையிலும் அனுமதி இல்லை.

4. முடிவும் பரிந்துரையும்

அறிவித்த மின்தடை நாளில் காலை ஒன்பதுக்குள் தரையிறங்கிவிடும் விமானி, மேற்சொன்ன தத்துவத்தை அறிந்தவர். எனினும் வீட்டில் அவர் அதைக் கடைப்பிடிப்பதில்லை. வான்வெளிக்குக் கொடுக்கும் ஃப்ளைட் பிளான் அடுக்களைக்குப் போவதே இல்லை. எனவே நம் பரிந்துரைகள் இரண்டு. ஒன்று, ரூட்டரையும் யூபிஎஸ்ஸில் இணைக்க. இரண்டு, புறப்படும் நேரம், மதுரையில் இறங்கும் நேரம், சாப்பிட வரும் நேரம் மூன்றையும் அம்மாவிடம் முன்னதாகவே சமர்ப்பிக்க.

குறிப்புப் பகுதியில் "ஆர்" என்று மட்டும் போட வேண்டாம். காதில் விழுந்தும் பதில் சொல்லாத பிள்ளையை அந்தக் கட்டுப்பாட்டாளர் ஏழு நிமிடம்கூடப் பொறுப்பதில்லை.