பாதயாத்திரையின் ஓய்வுநாள்: புர்கோஸ் நகரை முன்வைத்து ஓர் ஆய்வு

ஓய்வுநாள் எனப்படுவது, நெடும் பாதயாத்திரை செல்லும் ஒருவர் வழியிலுள்ள ஊரொன்றில் இரண்டு இரவுகள் தங்கி, இடைப்பட்ட பகலில் யாத்திரைக் கணக்கில் சேராத தூரத்தை நடந்து தீர்ப்பதாகும். இவ்வரையறையில் ஓய்வு இடம்பெறாதது அச்சுப்பிழையன்று. எவ்வளவு தேடியும் அது அந்நாளில் அகப்படாமையே காரணம்.

களமாக இங்கே கொள்ளப்படுவது ஸ்பெயினின் புர்கோஸ். பிரான்ஸ் எல்லையோரத்துச் சேன் ழான் பியே தெ போர் என்னும் சிற்றூரில் தொடங்கி, தமிழ்க் கத்தோலிக்கர் சந்தியாகப்பர் என வணங்கும் திருத்தூதர் யாக்கோபின் கல்லறை இருப்பதாக நம்பப்படும் சாந்தியாகோ தே கொம்போஸ்தேலாவில் முடியும் பாதை ஏறக்குறைய 780 கிலோமீட்டர் நீளமுடையது. நாளொன்றுக்கு இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் நடப்பவர் பன்னிரண்டு, பதின்மூன்று நாளில் புர்கோஸை அடைகிறார். பாதத்தில் கொப்புளங்கள் முற்றியிருக்கும் வேளையில், மெசேட்டா எனப்படும் நிழலற்ற கோதுமை வயல் மேட்டுநிலமும் ஊருக்கு அப்பால் காத்திருப்பதால், இங்கே ஒருநாள் தங்க நினைப்பதில் குற்றம் காண்பதற்கில்லை. குற்றமெல்லாம் நிறைவேற்றத்தில்தான்.

பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த கலிக்ஸ்தினுஸ் சுவடியின் ஐந்தாம் நூலான யாத்ரிகர் வழிகாட்டி, பிரெனே மலைக் கணவாய் முதல் கொம்போஸ்தேலா வரையான வழியைப் பதின்மூன்று கட்டங்களாகப் பகுத்து, புர்கோஸில் முடியும் ஐந்தாம் கட்டத்தைக் குதிரையில் கடப்பதற்குரியதாகக் குறிக்கிறதே தவிர, ஓய்வுநாள் பற்றி மூச்சு விடவில்லை. மாறாக, வழியில் எந்தெந்தப் புனிதரின் திருவுடலைத் தரிசித்தாக வேண்டும் என்பதற்கு நீண்ட அதிகாரம் ஒன்றை ஒதுக்கியுள்ளது. ஆகவே ஊர் பார்ப்பதற்கு நூற்சான்று உண்டு, ஓய்வுக்கு இல்லை என்பது பெறப்படும்.

அல்பெர்கே என்பது யாத்ரிகருக்கான மலிவு விடுதி. பொது அல்பெர்கேக்களில் ஓர் இரவுக்கு மேல் தங்கப் பெரும்பாலும் நோயுற்றவருக்கே இடமுண்டு. காலை எட்டு மணி வாக்கில் மற்றவர் வெளியேறிவிட வேண்டும். நோயுறாமல் ஓய்வெடுக்கத் துணிந்தவர், எனவே, முதுகுப்பையைத் தூக்கிக்கொண்டு வேறு விடுதி தேடி நடப்பதிலிருந்தே தம் ஓய்வைத் தொடங்குகிறார். புதிய விடுதியோ பிற்பகலுக்கு முன் அறை தருவதில்லை. சுற்றுலா பிறப்பது இந்த இடைவெளியில்தான். கலைத்தாகம் அதன் காரணம் என்ற கருத்து ஏற்புடையதன்று.

1221இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1984இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்ற பேராலயத்தில், கிரெடென்சியால் எனப்படும் முத்திரைப் பதிவேட்டைக் காட்டினால் கட்டணச் சலுகை கிடைக்கிறது. அன்று நடக்காத ஒருவருக்கு அன்றைய தேதியிட்ட முத்திரை விழுவதும் இங்கேதான். உள்ளே பாப்பாமோஸ்காஸ் என்னும் கடிகாரப் பொம்மை மணிக்கொருமுறை வாயைத் திறந்து மூடுகிறது. அண்ணாந்து நிற்போரும் அதையே செய்கின்றனர். வெளித்தெரு ஆலயத் தளத்தைவிட மிக உயரத்தில் அமைந்ததால் தியேகோ தே சிலோயே பதினாறாம் நூற்றாண்டில் கட்டிய பொற்படிக்கட்டில் பார்வையாளர் ஏற முடியாது. முழங்கால் வலிக்காரருக்கு இந்நகரம் காட்டும் ஒரே இரக்கம் இது எனலாம். ஏனெனில் அடுத்துப் பார்க்க வேண்டியதாகச் சொல்லப்படும் கோட்டை குன்றின் மேல் இருக்கிறது: 1812இல் பிரிட்டிஷ் தளபதி வெலிங்டன் முற்றுகையிட்டும் பிடிக்க முடியாமல் திரும்பிய, மறு ஆண்டில் பிரெஞ்சுப் படையே வெடிவைத்துத் தகர்த்த கோட்டையாதலால், ஏறிச் சென்றவருக்கு எஞ்சுவது இடிபாடும் மூச்சிரைப்பும்.

2010இல் திறக்கப்பட்ட மனிதப் பரிணாம அருங்காட்சியகம் தனிக் கவனத்துக்குரியது. எட்டு லட்சம் ஆண்டுக்கும் முற்பட்ட மனித எலும்புகள் கிடைத்த அத்தாபுவெர்கா மலையின் ஓரமாகவே யாத்ரிகர் முந்தைய நாளோ அதற்கு முந்தைய நாளோ குனிந்த தலை நிமிராமல் நடந்து வந்திருக்கிறார். அங்கே இலவசமாகக் கிடைத்த மலையைப் பாராதவர், இங்கே கட்டணம் செலுத்தி அதன் எலும்புகளைப் பார்க்கிறார். கண்ணாடிப் பேழைகளின் முன் நின்று நின்று நகர்வது மலையேற்றத்தைவிடக் குதிகாலை அதிகம் வருத்தும் என்பதையும் இங்கே பதிவுசெய்தல் தகும்.

இன்னொரு விளைவு கணிதஞ் சார்ந்தது. அனைவரும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் நடப்பதால், ஒருநாள் நின்றவர் தம் பழைய துணைவரை மீண்டும் காண வேண்டுமாயின் பின்வரும் நாட்களில் கூடுதலாக நடந்தாக வேண்டும். ஓய்வு இவ்வாறு கந்துவட்டிக் கடனாகிறது.

இறுதியாக லாஸ் உவெல்காஸ் சிக்கல். அல்ஃபோன்சோ மன்னர் 1187இல் நிறுவிய இக்கன்னியர் மடம் நகரின் மேற்கே, அதாவது மறுநாள் செல்ல வேண்டிய திசையிலேயே உள்ளதால், அங்கே போய்த் திரும்புபவர் நாளைய வழியில் ஒரு பகுதியை இன்றே நடந்துவிடுகிறார். அதைக் கழித்துக்கொண்டு காலையில் அவ்வளவு தூரம் பேருந்தில் போகலாம் என்பது ஒரு சாரார் கொள்கை. முத்திரையும் முதுகுச்சுமையும் இன்றி நடந்த நடை செல்லாது என்பது மறுசாரார் வாதம். கொம்போஸ்தேலாப் பேராலயத்தின் சான்றிதழுக்கு நடந்து வருவோர் கடைசி 100 கிலோமீட்டரைக் கடந்தாலே போதுமாகையால், அதற்கு வெகு தொலைவிலுள்ள புர்கோஸில் யார் எவ்வளவு நடந்தார் என்பது அங்கே ஒரு பொருட்டே அன்று. எனினும் மொர்சீயா எனப்படும், அரிசி சேர்த்த இவ்வூர் இரத்தத் தொத்திறைச்சி தட்டில் தீரும் வரை இவ்விவாதம் நீடிக்கவே செய்கிறது.