அந்தரத்தில் நின்ற அருணகிரி

திருத்தணிக்காரர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. பேச்சு எங்கே தொடங்கினாலும் அதை மலைமேல் கொண்டுபோய் இறக்கி வைத்துவிடலாம். போன ஆடிக் கிருத்திகைக்குச் சென்னையிலிருந்து ரயிலில் நின்றுகொண்டே வந்து இறங்கிய என் பேரன், "தாத்தா, ராக் பாடகர் ஒருத்தரோட வாழ்க்கைப் படம் இருக்கு, பாக்குறீங்களா?" என்று கேட்டான். ராக் என்றால் பாறைதானே, பாறை மேல் ஏறிப் பாடியவர் கதையை நாங்கள் எப்போதோ பார்த்தாயிற்று என்றேன். அவன் என்னை இரக்கத்தோடு பார்த்தான். அந்தப் பார்வை எனக்குப் பழக்கமானதுதான். 1970 வாக்கில், பதினாலு வயதில், நான் என் ஆயாவைப் பார்த்த பார்வை அது.

படம் 'அருணகிரிநாதர்'. 1964இல் டி.ஆர்.ராமண்ணா இயக்கத்தில் வந்தது. பெரிய ஊர்களிலெல்லாம் ஓடி, தேய்ந்து, திரை முழுக்க மழை பெய்கிற மாதிரி கோடு விழுந்த பிறகுதான் எங்கள் ஊர் டெண்ட் கொட்டகைக்கு அது வந்து சேர்ந்தது. ஆறு வருஷம் தாமதம் என்று யாரும் அலுத்துக்கொள்ளவில்லை; ஐந்நூறு வருஷத்துக் கதைக்கு ஆறு வருஷம் ஒரு பொருட்டா? சாயங்காலம் குழாய் ஒலிபெருக்கியில் சீர்காழியின் விநாயகர் பாட்டு கேட்டால் டிக்கெட் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள் என்று அர்த்தம். அந்தப் பாட்டின் முதல் அடிக்கு ஆயா உலையை இறக்குவாள், இரண்டாம் அடிக்குக் கதவைப் பூட்டுவாள், மூன்றாம் அடியில் நாங்கள் தெருமுனையில் இருப்போம். தரை டிக்கெட். மணலைக் கூட்டி மேடாக்கி அதன்மேல் உட்கார்ந்தால் கொஞ்ச நேரம் ராஜா. பின்னாலிருப்பவர் காலை நீட்டி மேட்டைக் கலைக்கும்வரைதான் அந்த ராஜ்யம். பத்துப் பைசாவுக்குப் பாட்டுப் புத்தகம் கிடைக்கும். அதில் பாதிக் கதையைச் சொல்லிவிட்டு, அருணகிரி என்ன ஆனான் என்ற இடத்தில், மீதியை வெள்ளித்திரையில் காண்க என்று போட்டிருப்பார்கள். அருணகிரி என்ன ஆனார் என்று தெரியாதவர் எங்கள் ஊரில் ஒருவர்கூட இல்லை. அதனாலென்ன, எல்லோரும் அந்த வரிக்கு மரியாதை கொடுத்து, தெரியாதவர்கள் போலவே உள்ளே போனோம்.

படம் தொடங்கியதும் ஆயாவுக்குச் சந்தேகம். "சிவாஜி எங்கடா?"

"இதுல சிவாஜி இல்ல ஆயா."

"குரல் கேக்குதே!"

அப்போதுதான் நான் அந்த இரக்கப் பார்வையைப் பார்த்தது. எம்.ஜி.ஆர். பாடினாலும் சிவாஜி பாடினாலும் பாடுகிற தொண்டை டி.எம்.சௌந்தரராஜனுடையது என்பது ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் எனக்குத் தெரியும். ஆயாவுக்கு வாய் யாருடையதோ பாட்டும் அவருடையது. ஊரில் உள்ள கதாநாயகர்களுக்கெல்லாம் வாடகைக்குப் போய்க்கொண்டிருந்த குரல் அன்றைக்குத் தன் சொந்த வீட்டில் வந்து உட்கார்ந்திருந்தது. ஜனங்களுக்கோ வீட்டுக்காரரை அடையாளம் தெரியவில்லை. அதற்கு இரண்டு வருஷம் முன்னால் 'பட்டினத்தார்' ஆகவும் அவரே நடித்திருந்தார். மற்றவர்களுக்குக் குரலைக் கொடுத்தவர், துறவிகளுக்கு மட்டும் முகத்தையும் சேர்த்துக் கொடுத்தார் போலும். இந்த நுட்பமெல்லாம் எனக்கு இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு நானும் இடைவேளை வரை சிவாஜி எங்காவது வருவாரா என்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நாங்கள் எல்லோரும் பக்திப்படம் பார்க்கப் போனோம். ஆனால் கொட்டகை மூச்சைப் பிடித்துப் பார்த்தது அவர் கெட்டுப்போகிற பாதியைத்தான். நாட்டியம், நகை, பெண்கள் வீடு, கரைகிற சொத்து, ஒட்டிக்கொள்கிற நோய் என்று அது நகர நகர, விபூதி பூசிய நெற்றிகளெல்லாம் முன்னுக்கு வந்தன. கெட்ட பாதிக்குக் காசு கொடுத்து, நல்ல பாதியோடு வீட்டுக்குப் போவது என்பது எங்களுக்குள் எழுதாத ஒப்பந்தம்.

கடைசியில் மனம் வெறுத்து, திருவண்ணாமலைக் கோபுரத்தில் ஏறிக் குதித்தார். குதித்த அந்த நொடியில் ரீல் முடிந்தது.

கொட்டகையில் ஒரே மெஷின். அடுத்த ரீலை மாட்டும்வரை விளக்கைப் போட்டுவிடுவார்கள். அன்றைக்கு மாட்டினார்கள், மாட்டினார்கள், பத்து நிமிஷத்துக்கு மேல் மாட்டினார்கள். அருணகிரி அந்தரத்தில் நின்றார். கீழே மணலில் வழக்கு தொடங்கியது.

"அக்காவை அழவெச்சவன். விழட்டும், ரெண்டு எலும்பு முறியட்டும், அப்புறம் முருகன் வரட்டும்" என்றாள் பூக்காரம்மா. தபால்காரருக்கு அந்தப் பயம் இல்லை. நம்ம மலையிலிருந்து புறப்பட்டாலும் மயிலுக்கு வேலூரில் பஸ் மாற வேண்டியதில்லை, நேரத்துக்கு வந்துவிடும் என்று சமாதானம் சொன்னார். வளையல்கடைக்காரர் தெலுங்குக்காரர். "இது எங்க வேமனா கதைபா, எங்க நாகய்யா 1947லயே நடிச்சிட்டாரு" என்றார். உண்மைதான், வேமனாவும் தாசி வீட்டில் தொலைந்து திரும்பிப் பாட்டுக்காரர் ஆனவர், 'யோகி வேமனா'வில் நடித்ததும் சித்தூர் வி.நாகய்யாதான். நாங்களே 1960 ஏப்ரல் 1 வரை சித்தூர் ஜில்லாவில்தான் இருந்தோம். தமிழ்நாட்டோடு சேர்ப்பதற்கு நல்ல நாளாகப் பார்த்துத்தான் சேர்த்திருந்தார்கள். ம.பொ.சி. போராடி மலையை இந்தப் பக்கம் மீட்டுத் தந்தார். நாகய்யாவை அந்தப் பக்கம் விட்டுவிட்டோம் என்ற குறை வளையல்கடைக்காரருக்கு இருந்தது. "எங்காளு அழுதா கண்ணுல தண்ணி வரும்; உங்காளு அழுதா குரல்லதான் வருது." அதற்கு எதிர்க்கட்சியிலிருந்துகூட ஒரு தலையாட்டல் கிடைத்தது.

தமிழ் வாத்தியார் எல்லோரையும் கையமர்த்தினார். "ஆளைக் காப்பாத்தினது முருகன். பாட்டைக் காப்பாத்தினது ஒரு முன்சீப்பு. அவரை இந்தப் படத்துல எங்கேயாவது காட்டினானா?" வ.த.சுப்பிரமணிய பிள்ளையைத்தான் சொன்னார். 1871இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றத்தில் சிதம்பரம் தீட்சிதர்கள் தங்கள் வழக்குக்கு ஆதாரமாக ஒரு திருப்புகழைச் சொல்லப்போக, அதைக் கேட்டு மயங்கிய பிள்ளை, ஓலைச்சுவடி தேடி ஊர் ஊராக அலைந்து, 1894இல் முதல் பாகத்தை அச்சிட்டார். பிறகு அவர் மகன் தணிகைமணி செங்கல்வராய பிள்ளை அந்த வேலையைத் தொடர்ந்தார். பதினாறாயிரம் பாடினார் என்பது வழக்கு. கைக்குக் கிடைத்தது ஆயிரத்து முந்நூறு சொச்சம். அதில் அறுபதுக்கும் மேல் எங்கள் தணிகைக்கு. வாத்தியார் இந்தக் கணக்கை முடிப்பதற்குள் பின்னாலிருந்து மிருதங்கக்காரர், "எவன் விழுந்தா என்னய்யா, தாளம் விழாம இருந்தா சரி" என்றார். அதற்குமேல் வாதம் நடக்கவில்லை. விளக்கு அணைந்தது, முருகன் ஏந்தினான், 'முத்தைத்தரு' தொடங்கியது. மறுநாளிலிருந்து எங்கள் தெருப் பையன்களுக்கு அதை ஒரே மூச்சில் யார் சொல்வது என்பதுதான் விளையாட்டு. நான் மூன்றாம் அடியில் மூச்சுவாங்கி உட்கார்ந்துவிடுவேன்.

எனக்கு அந்தப் படம் வேறொரு பாடத்தைக் கற்பித்தது. பாட்டு வர வேண்டுமென்றால் முதலில் கெட்டுப்போக வேண்டும். திருத்தணியில் கெட்டுப்போவது அவ்வளவு சுலபமில்லை என்பது முயன்றவர்களுக்குத்தான் தெரியும். கையில் முப்பத்தைந்து பைசா இருந்தது. சரவணப் பொய்கைக்குப் பின்னால் மறைந்து ஒரு பீடி பிடித்தேன். இருமிய இருமலுக்குக் குளித்துக்கொண்டிருந்தவர்கள் ஓடிவந்து தலையில் தட்டினார்கள். சுண்ணாம்பு மிகுந்த வெற்றிலையில் நாக்கு பொத்துப்போனது. மூன்றாவது படியாக, பெண்கள் பள்ளிக்கூட வாசலில் ஒரு சாயங்காலம் போய் நின்றேன். வெளியே வந்த என் அக்கா, எதுவும் கேட்காமல் தன் புத்தகப் பையை என் கையில் கொடுத்து, "தூக்கிட்டு வா" என்றாள். பையைச் சுமந்துகொண்டு வீடு வந்த அன்றே என் இருண்ட பருவம் முடிந்தது. அப்படியும் ஒரு கவிதை எழுதினேன். ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன். தபால்தலை வைத்து அனுப்பியிருந்ததால் பத்திரமாகத் திரும்பி வந்தது. அந்தத் தபால்காரர்தான் கொண்டுவந்து கொடுத்தார், "அந்தரத்துல நிக்குதா?" என்று கேட்டுக்கொண்டே.

இப்போது டெண்ட் இருந்த இடத்தில் கல்யாண மண்டபம். மணலுக்கு மேல் டைல்ஸ். முந்நூற்று அறுபத்தைந்து படி ஏறிய கால்களுக்கு மலைமேல் வரை கார் போகிறது. முழங்காலும் நானும் அதற்காக அரசாங்கத்தை வாழ்த்துகிறோம், வாழ்த்தியபடியே படிகளைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம். டிசம்பர் 31 இரவில் மட்டும் படிக்கொரு திருப்புகழ் பாடி ஏறுகிறவர்களோடு பத்துப் படி ஏறுவேன். புத்தாண்டுக்குத் துரையைக் கும்பிடப் போகிறவர்களை முருகனைக் கும்பிட வைக்க வள்ளிமலை சுவாமிகள் தொடங்கியது அது. துரைகள் போய்விட்டார்கள், படிகள் இருக்கின்றன, மூச்சுதான் இல்லை.

பேரன் காட்டிய படம் 'போஹிமியன் ராப்சோடி'. 2018இல் வந்தது, குவீன் குழுவின் ஃப்ரெடி மெர்குரி கதை. பார்சிப் பையன். சான்சிபாரில் பிறந்து, நம் பஞ்ச்கனியில் விடுதியில் தங்கிப் படித்து, ஃபரூக் புல்சாரா என்ற பெயரைக் கழற்றி வைத்துவிட்டு லண்டனில் கொடி நாட்டியவர். பிறந்த தேதி 1946 செப்டம்பர் 5 என்று பேரன் படித்தபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். செப்டம்பர் 5 எங்கள் ஊர்ப் பிள்ளை ராதாகிருஷ்ணன் பிறந்த நாள்; ஆசிரியர் தினம். இத்தனை வருஷம் நாங்கள் போட்ட மாலையில் ஒரு பூ இந்த மீசைக்காரருக்கும் போயிருக்கிறது, தெரியாமலே.

படம் தொடங்கும் முன்பே பேரன் அபிப்பிராயத்தோடு வந்திருந்தான். போனில் யார் யாரோ எழுதியதையெல்லாம் படித்திருந்தான். ஒரு கட்சி, தேதி தப்பு என்கிறது: 1985 ஜூலையில் வெம்ப்ளியில் நடந்த கச்சேரிக்கு முன்னாலேயே தனக்கு எய்ட்ஸ் என்று அவர் நண்பர்களிடம் சொல்வதாகப் படம் காட்டுகிறதாம், அது அவருக்குத் தெரிய வந்ததே 1987 வாக்கில்தானாம். இன்னொரு கட்சி, கெட்டுப்போன பாதியைச் சலவை செய்துவிட்டார்கள் என்கிறது. இரண்டாவது கட்சி எனக்கு உடனே புரிந்தது. அவர்கள் எங்கள் கொட்டகைக்காரர்கள். முதல் கட்சிதான் புதிது. எங்கள் அருணகிரிக்குத் தேதி என்று பார்த்தால், பிரபுடதேவராயர் பெயர் ஒரு பாட்டில் வருவதை வைத்துப் பதினைந்தாம் நூற்றாண்டு என்று சொல்வதோடு சரி. தேதி இல்லாதவர் மேல் யாரும் தேதி வழக்குப் போட முடியாது.

"நடிச்சவர்தான் பாடினாரா?" என்று கேட்டேன். இல்லையாம். ராமி மாலெக் வாயசைத்தார், ஆஸ்கர் வாங்கினார். குரலில் பெரும்பகுதி செத்துப்போன ஃப்ரெடியின் பழைய பதிவுகள், மிச்சம் மார்க் மார்ட்டெல் என்ற கனடாப் பாடகர். எனக்கு ஆயாவின் நினைவு வந்தது. குரலுக்குச் சொந்தக்காரரே வந்து நின்றபோது நாங்கள் சிவாஜியைத் தேடினோம். இங்கே சொந்தக்காரர் இல்லாத இடத்தில் வேறொருவர் நின்று உலகத்தையே நம்ப வைத்துவிட்டார். ஆயா இதைப் பார்த்திருந்தால் ஒரு கேள்வியும் கேட்டிருக்க மாட்டாள். வாய் யாருடையதோ, பாட்டும் அவருடையது.

வெம்ப்ளி வந்தது. தலை தலையாக ஜனக்கடல். அவர் மேடைக்கு ஓடிவரப் போகிறார், காலைத் தூக்கிவிட்டார். அந்த இடத்தில் படம் நின்றது. திரை நடுவில் ஒரு வட்டம் சுற்றியது. கிருத்திகைக் கூட்டம், ஊர் முழுக்க எல்லார் கையிலும் போன், சிக்னல் மூச்சுத் திணறியது. பேரன் அதே போனை நிமிர்த்தியும் சாய்த்தும் பார்த்தான். மருமகள் தன் போனை எடுத்தாள். மகன் ஏற்கெனவே எடுத்திருந்தான். கூடத்தில் ஐந்து பேர் இருந்தோம், சத்தமே இல்லை. எனக்குப் பொறுக்கவில்லை.

"என்னப்பா சொல்றீங்க," என்றேன், "இவனைக் காப்பாத்தலாமா, வேணாமா?"

பேரன் நிமிராமல், "தாத்தா, அவர் 1991லயே இறந்துட்டார்" என்றான்.

சமையலறையிலிருந்து என் மனைவி கரண்டியோடு ஓடிவந்தாள். "யாரு? யாருக்கு என்ன ஆச்சு?"

வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. நான் அவளுக்கு நகர்ந்து இடம் கொடுத்து, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.