வளைவாசல் தவசி

பென்சில்வேனியா பக்கம், ஜூன் மாத விடியற்காலையில், புல்தரை ஓரமாக ஒருவர் குப்புறக் கிடந்தால் பதறிப்போய் ஆம்புலன்சைக் கூப்பிட்டுவிடாதீர்கள். முகத்துக்கு முன்னால் பீரங்கி மாதிரி லென்ஸ் நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஆள் சௌக்கியம்தான். கிரவுண்ட்ஹாக்கைப் படம் எடுக்கிறார்.

கிரவுண்ட்ஹாக் அணில் குடும்பத்துப் பிராணி. அதற்காக நம் முற்றத்து அணிலை மனசில் வைத்துக்கொண்டு போனால் ஏமாந்துபோவீர்கள். இது பந்தியில் மூன்றாம் தடவை பாயசம் கேட்கும் பெரியப்பா. 4, 5 கிலோ தேறும். கோடை முழுக்கத் தின்று தீர்த்துவிட்டு, அக்டோபர் வாக்கில் வளைக்குள் படுத்தால் பிப்ரவரி, மார்ச்சில்தான் கண் திறக்கும்.

பிப்ரவரி 2 வந்தால் நம் படக்காரருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். அன்று பங்க்ஸடானி ஊரில் ‘ஃபில்’ என்ற கிரவுண்ட்ஹாக்கை, உயரத் தொப்பி வைத்த பெரிய மனிதர்கள் தூக்கிக் காட்டுவார்கள். அது தன் நிழலைப் பார்த்துவிட்டால் இன்னும் 6 வாரம் குளிர்தான் என்று ஜோசியம். 1887-லிருந்து அங்கே நடக்கும் திருவிழா. ஆயிரக்கணக்கான கைகள் செல்போனைத் தூக்கும். நம்மவர் முகத்தைச் சுளிப்பார். “அதெல்லாம் பாஸ்போர்ட் போட்டோ. நான் எடுப்பது இயற்கைச் சூழலில்!”

இந்த ‘இயற்கைச் சூழல்’தான் அவருக்கு மந்திரம். அதைத் தேடி அதிகாலை 4 மணிக்கே எழுந்து, 2 மணி நேரம் கார் ஓட்டி, நடுக்காட்டுக்குப் போவார். அங்கே மான் இருக்கும். காட்டு வான்கோழி இருக்கும். சத்தமில்லாமல் காலில் ஏறும் உண்ணி நிச்சயம் இருக்கும். கிரவுண்ட்ஹாக்தான் இருக்காது. அடர்ந்த காட்டில் அதற்கு என்ன வேலை? அதற்கு வேண்டியது இளம்புல், க்ளோவர், வயல் வரப்பு, வேலியோரம். ஐரோப்பாவிலிருந்து வந்து குடியேறியவர்கள் காட்டைத் திருத்தி வயலாக்கியபோது, ‘நல்லதாய்ப் போச்சு’ என்று பெருகிய பிராணி அது.

கடைசியில் நெடுஞ்சாலைச் சரிவிலோ, பீட்சா கடைக்குப் பின்புறமோ ஒரு வளையைக் கண்டுபிடிப்பார். வாசலில் மண்மேடு. அதற்கு எதிரே 3 மணி நேரத் தவம். வளைக்குக் கொல்லைப்புற வாசல்களும் உண்டு, அங்கே மண்மேடு கிடையாது, புல் மறைத்திருக்கும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஆனாலும் முன்வாசலில்தான் கிடப்பார். விருந்தாளி என்றால் முன்வாசல் வழியாகத்தானே வரவேண்டும்? பெரியப்பாவோ பின்வாசல் வழியே வந்து, இரண்டு காலில் நிமிர்ந்து நின்று, இவருடைய முதுகை நிதானமாகப் பார்ப்பார். பிறகு ஒரு விசில். அப்பலாச்சிய மலைப்பக்கம் அதற்கு ‘விசில் பன்றி’ என்ற பட்டப்பெயர் சும்மா வரவில்லை. இவர் திரும்புவதற்குள் ஆள் உள்ளே. அன்றைய வசூல்: 800 படம். 799 புல், ஒன்று வால்.

ஆனால் பேச்சில் அவரை யாரும் மிஞ்ச முடியாது. கேமரா பிராணியின் கண் மட்டத்தில் இருக்கவேண்டும். கருவிழியில் ஒரு பொட்டு வெளிச்சம் விழவேண்டும். பின்னணி பாலாய்க் கரையவேண்டும் என்பார். பின்னணி கரைவது கலைக்காக என்றுதான் நானும் முதலில் நம்பினேன். பீட்சா கடை போர்டு தெரியாமல் இருக்கத்தான் என்று பிறகுதான் புரிந்தது.

இத்தனைக்கும் அவர் வீட்டுத் தோட்டக் கொட்டகைக்கு அடியிலேயே ஒன்று குடியிருக்கிறது. மனைவி போட்ட பீன்ஸ் செடிகளை வரிசை தப்பாமல் மொட்டையடித்துவிட்டது. ஒருநாள் அந்த அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டே சமையலறை ஜன்னல் வழியாகச் செல்போனில் ஒரு படம் எடுத்தார். இரண்டு முன்னங்கையிலும் பீன்ஸ், கருவிழியில் வெளிச்சப் பொட்டு, முகத்தில் சாப்பிட்ட வீட்டுக்கு நன்றி.

நம்மவர் கண்ணாடி போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். “நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பின்னால் வேலி தெரிகிறதே! இயற்கைச் சூழல் இல்லையே” என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, மறுநாள் 4 மணிக்கு அலாரம் வைத்தார்.

அந்த வேலிதான் ஐயா அதன் இயற்கைச் சூழல். அந்தப் பக்கம் குடியிருந்து, கிரவுண்ட்ஹாக்கைப் படம் எடுக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் பீன்ஸ் விதை வாங்குங்கள். லென்ஸ் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.