விளக்கை விளக்கிய கதை

எங்கள் காருக்கு 11 வயது. ஷெட் கிடையாது. திருச்சி வெயிலில் மேற்குப் பார்த்தே நின்றதில் ஹெட்லைட் இரண்டும் எலுமிச்சை ஊறுகாய் நிறத்துக்கு வந்துவிட்டன. கண்ணாடிதானே என்று ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே இருந்தேன். அது பாலிகார்பனேட் என்னும் பிளாஸ்டிக், தொழிற்சாலையில் பூசிய காப்புப் பூச்சை வெயில் தின்றுவிட்டால் மஞ்சளடிக்கும் என்பதெல்லாம் பிற்பாடு வந்த ஞானம்.

முதல் வைத்தியம் பற்பசை. ஒரு முழு டியூப் காலி. பளிச்சென்று ஆனதும் வீட்டையே வாசலுக்கு அழைத்துக் காட்டினேன். மனைவி மட்டும், "விளக்கை விளக்கியாச்சு. நாளைக்குப் பிள்ளைங்க பல்லை எதால விளக்குறது?" என்றாள். மூன்றாம் மாதம் ஊறுகாய் திரும்பிவிட்டது. பற்பசை மேல்படலத்தைச் சுரண்டுமே தவிர, வெயிலைத் தடுக்காது.

அடுத்து வாட்டர் பேப்பர். 1000, 1500, 2000, 3000 என்று வரிசையாக, தண்ணீர் விட்டுத் தேய்க்க வேண்டும் என்றார் ஹார்டுவேர் கடைக்காரர். மாடிப்படியையே இரண்டிரண்டாகத் தாண்டுகிறவனுக்கு நாலு தாள் எதற்கு? 1000 மட்டும் வாங்கினேன். சுற்றிலும் டேப் ஒட்டச் சொன்னார், ஒட்டவில்லை. பம்பரில் பெயின்ட் போனது. இடது விளக்கோ மோர் ஊற்றியதுபோல் வெளுத்துவிட்டது. முரட்டுத் தாள் பட்டால் அப்படித்தான் வெளுக்கும், அடுத்தடுத்த தாள்கள்தான் அதைத் தெளிய வைக்கும். கடைக்காரர் சொன்ன வரிசையின் அர்த்தமே அதுதான். நான் பதறிப்போய்த் தின்னரில் துணியை நனைத்துத் துடைத்தேன். மயிரிழை மயிரிழையாய் விரிசல் ஓடியது.

வலதையாவது காப்பாற்றுவோம் என்று பட்டறைக்குப் போனேன். பெயின்டர் அண்ணன் முதலில் டேப் ஒட்டினார். நாலு தாளையும் வரிசையாகப் போட்டு, காம்பவுண்ட் பாலிஷ் கொடுத்து, கடைசியாக யுவி கிளியர் கோட் அடித்தார். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

"இடது பக்கம் என்ன சார் ஆச்சு?"

"வாங்கும்போதே அப்படித்தான் இருந்துச்சுண்ணே."

குனிந்து விரிசலைப் பார்த்தார். "தின்னரா?" என்றார். தலையாட்டினேன். அவர் சிரிக்கவில்லை, பில்லோடு ஒரு டேப் சுருளையும் சும்மா கொடுத்தனுப்பினார்.

இடதுக்குப் புது விளக்கே வாங்க வேண்டியதாயிற்று. இப்போது வண்டி வேப்பமரத்தடியில் நிற்கிறது. காக்கை எச்சம் விழத்தான் செய்கிறது. அது தண்ணீரிலேயே போய்விடுகிறது.