புளிக்குத் தப்பாத சிப்பி

அத்தை பஸ் ஏறிவிட்டார். எனக்குத்தான் ஆத்திரம் இன்னும் இறங்கவில்லை.

கெமாஸ் பக்கம் செம்பனை மறுநடவுக்கு மேட்டை வெட்டியிருந்தார்கள். அங்கே பொறுக்கிய களிப்பாறைத் துண்டுகளை ஐந்தடியில் பேப்பர் விரித்துக் காயவைத்திருந்தேன். பென்ஷன் வாங்கிய கிராணி கல் பொறுக்குகிறார் என்று தோட்டமே சிரிக்கிறது, சிரிக்கட்டும். தூங்கி எழுந்து பார்த்தால் அத்தனையும் சமையலறையில், புளி போட்டுத் தேய்த்துக் கவிழ்த்தபடி.

"அத்தை, இது 24 கோடி வருசத்துச் சிப்பி!"

"அதான பார்த்தேன். அத்தன வருசமா ஒருத்தரும் கழுவல."

புளியை விட்டால் நமக்கு வேறு கதி ஏது? குத்துவிளக்கா, புளி. தாம்பாளமா, புளி. செம்புக் குடமா, புளி, பிறகு சாம்பல், பிறகு எலுமிச்சை மூடி, கடைசியில் மனத்திருப்திக்கு இன்னொரு தடவை புளி. எங்கள் தோட்டத்துக் கோயில் வேலின் முனை மழுங்கியது சூரனைக் குத்தியதால் அல்ல. பித்தளை அம்மனுக்கு மூக்கு என்று ஒன்று இருந்ததற்கு இரண்டு கிழவர்கள்தான் சாட்சி. வாங்கிய தேதி பொறித்த சொம்பில் தேதியைக் காணோம், பெயரைக் காணோம், சில வீடுகளில் சொம்பின் அடியையே காணோம். தீபாவளிக்கு முந்தின வாரம் வீட்டில் அசையாமல் உட்கார எனக்கே பயம்.

சிப்பி ஓடு என்பது கால்சியம் கார்பனேட். புளியில் இருப்பது டார்டாரிக் அமிலம். இரண்டும் சேர்ந்தால் நுரைக்கும், ஓடு கரையும். ஓடு போய் அச்சு மட்டும் நிற்கும் கல்லுக்கோ தேங்காய் நாரே போதும், வரிகள் வழித்துக்கொண்டு வந்துவிடும். களிப்பாறை சில சமயம் பச்சைத் தண்ணீரிலேயே ஏடு ஏடாகப் பிரியும். அதற்கு வேண்டியது ஊசி, காய்ந்த மெல்லிய பிரஷ், மெதுவாக ஒரு ஊதல், எல்லாவற்றுக்கும் மேல் சும்மா விடுகிற புத்தி. கடைசியாகச் சொன்னது கடையில் கிடைப்பதில்லை.

கெமாஸிலிருந்து பகாங் தெமர்லோ வரை பரவிய டிரயாசிக் காலப் பாறைகளில் டாவோனெல்லா என்ற மெல்லிய சிப்பி உண்டு. விசிறி வரிகள். அதன் உறவுக்காரி ஹலோபியாவுக்கும் அதே வரிகள்தான், ஆனால் ஓட்டின் மேல் ஓரத்தில் காது போல ஒரு சின்ன மடிப்பு இருக்கும். காது இருந்தால் ஹலோபியா, இல்லாவிட்டால் டாவோனெல்லா. ஹலோபியா பிந்திய காலத்தது, டாவோனெல்லா முந்தியது. இப்போது என் கல் எதிலும் காது இல்லை. ஊரில் எல்லாரும் வயதைக் குறைக்கத்தான் முகத்தைத் தேய்க்கிறார்கள். அத்தை தேய்த்ததில் என் கல்லுக்குப் பல லட்சம் வருசம் கூடியிருக்கலாம்.

சிப்பித் துண்டை அடையாளம் காண்பது எப்படி என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். காதைத் தேடுங்கள். எங்கள் வீட்டில் தேடாதீர்கள்.