ஜிமிக்கியை அண்மையில் படமெடுத்தல்: நகைப்பட இயலுக்கு ஓர் அறிமுகம்

மெருகிட்ட தங்கம் ஒரு கண்ணாடி. நகையைப் படமெடுப்பவர் உண்மையில் எடுப்பது அதற்கு எதிரே இருக்கும் அனைத்தையும்தான்: டியூப்லைட், ஜன்னல் கம்பி, கேமரா, அதைப் பிடித்த கை, தோளுக்குப் பின்னால் ‘எனக்கும் காட்டு’ என்று எட்டிப் பார்க்கும் சித்தி. வளையலின் வளைவில் ஒட்டிக்கொண்டு நிற்கும் இவ்வுருவங்களை இக்கட்டுரை உடன்தோன்றிகள் என்று குறிக்கும். நகைப்பட இயலின் பெரும்பகுதி இவற்றை வெளியேற்றும் கலையே.

வீட்டு ஆல்பங்களில் காணும் நகைப்படங்கள் மூவகைப்படும். முதலாவது மூட்டப்படம். இதில் நகை மங்கியும், அதன் கீழே விரித்த பட்டுப்புடவையின் இழைகள் எண்ணக்கூடிய தெளிவோடும் இருக்கும். அடுத்தது வெடிப்படம், ஃபிளாஷ் பட்ட இடம் வெள்ளைக் குழியாகவும் மற்ற இடம் இருட்டாகவும் அமையும். மூன்றாவது உடன்தோன்றிப்படம். இம்மூன்றும் ஒரே படத்தில் கூடுவதும் உண்டு. கல்யாணத்துக்கு முந்தின இரவு எடுத்த படங்களில் இதைப் பரக்கக் காணலாம்.

மூட்டத்தின் முதற்காரணம் ஆர்வம். எந்த லென்ஸுக்கும் இதற்கு மேல் நெருங்கினால் ஃபோகஸ் ஆகாது என்றோர் எல்லை உண்டு. படமெடுப்பவரோ மங்க மங்க மேலும் நெருங்குவார். சிறிய டிஜிட்டல் கேமராக்களில் பூ வடிவக் குறி ஒன்று இருக்கும். அது பூப்படம் எடுக்க மட்டும் என்று கருதிக் காலமெல்லாம் தொடாதவர்கள் பலர். மேக்ரோ எனும் அண்மைநிலை அதுவே; அதை இட்டால் சில சென்டிமீட்டர் வரை நெருங்கலாம். ஆனால் பெரும்பாலான சிறு கேமராக்களில் ஜூமை இழுத்ததும் இச்சலுகை பறிபோகும். மிக நெருங்கினாலோ கேமராவின் நிழலே நகைமேல் விழும். ஒரு சாண் தள்ளி நின்று எடுத்து, வேண்டாத ஓரங்களைப் பின்னர் வெட்டிவிடுவது அறிஞர்க்கு அழகு.

இனி ஆழம். இதில் ஜிமிக்கியே அளவுகோல்: மேலே தோடு, கீழே குடை, குடையின் விளிம்பைச் சுற்றிச் சிறு முத்துகள். 36 மி.மீ. அகலச் சென்சார் கொண்ட பெரிய கேமராவில், ஜிமிக்கி தன் உண்மை அளவிலேயே சென்சாரில் விழும்படி நெருங்கி, லென்ஸின் துளையை எஃப் 8-இல் வைத்து எடுத்தால், தெளிவாக விழும் ஆழம் ஏறத்தாழ 1 மி.மீ. மட்டுமே. முன்வரிசை முத்து துலங்கினால் குடையின் வேலைப்பாடு கரையும். குடையைப் பிடித்தால் முத்து நழுவும். எஃப் 16-க்குச் சுருக்கினால் ஆழம் இரட்டிக்கும். அதற்கும் அப்பால் சுருக்கினால் ஒளியின் விளிம்பு விளைவால் படம் முழுதுமே மென்மையாகிவிடும். ஒவ்வொரு மில்லிமீட்டராக ஃபோகஸை நகர்த்திப் பல படங்கள் எடுத்துக் கணினியில் ஒன்றாக அடுக்குவோரும் உளர்; அவர்கள் நகைக்கு வாடகை கொடுக்காதவர்கள். சென்சார் சிறுத்தால் தெளிவின் ஆழம் கூடும் என்பதும் இங்கே அறியத்தக்கது. மைத்துனரின் விலையுயர்ந்த கேமரா முத்து ஒன்றை மட்டும் காட்ட, பழைய சட்டைப்பைக் கேமரா ஜிமிக்கி முழுவதையும் காட்டுவது இதனாலேயே. இவ்வுண்மையை மைத்துனரிடம் சொல்வது இவ்வியலின் எல்லைக்கு வெளியே உள்ளது.

கை நடுக்கத்துக்கு முக்காலி. இல்லையேல் ஒரு சிறு அரிசிப் பை. பொத்தானை அமுக்கும் விரலே கேமராவை அசைக்கும் என்பதால் 2 விநாடி டைமரை இடுக.

ஒளியே இவ்வியலின் உயிர். ஃபிளாஷை அணைத்துவிட வேண்டும். தங்கத்துக்கு எதிரே இருப்பது அனைத்தும் வெண்மையானால், தங்கத்தில் தெரிவதும் வெண்மையே என்பது அடிப்படை விதி. இதற்கென வெளிநாட்டுக் கூடாரங்கள் விற்கின்றன. நாலு முழ வேட்டி அதே வேலையைச் செய்யும். ஜன்னலோரம் நகையை வைத்து, மூன்று பக்கமும் தெர்மாகோல் பலகை நிறுத்தி, மேலே ஒற்றை மடிப்பாக வேட்டியைப் போர்த்தி, லென்ஸ் நுழையுமளவுக்கு இடைவெளி விட்டால் கூடாரம் தயார். கரை மட்டும் உள்ளே வரக்கூடாது. கட்சிக் கரை வேட்டியாயின் காசுமாலையின் ஒவ்வொரு காசிலும் கொள்கை தெரியும்.

வெண்மையே போதும் என்பாரை மறுக்கலாம். சுற்றிலும் வெண்மையானால் வளையலின் விளிம்பு பின்னணியில் கரைந்து, தங்கம் மஞ்சள் பிளாஸ்டிக்காகத் தெரியும். பக்கவாட்டில் விரலகலக் கறுப்புத் தாள் ஒன்றை நிறுத்தினால் அது நகையில் கருங்கோடாக விழுந்து உருட்சி காட்டும். போலரைசர் வடிகட்டியைப் பரிந்துரைப்போரும் உளர். கண்ணாடியிலும் தண்ணீரிலும் தெறிக்கும் ஒளியை அது அடக்கும். உலோகத்திடம் அதன் ஜம்பம் பலிக்காது.

ஏழு கல் வைரத்தோடு வந்தால் மேற்கண்ட விதி கவிழும். வைரத்தின் ஒளிவிலகல் எண் 2.42. உள்ளே புகுந்த ஒளி எளிதில் வெளியேற முடியாமல் முகத்துக்கு முகம் மோதித் திரும்புவதே அதன் ஜொலிப்பு. வேட்டிக்குள் வைத்த வைரம் கற்கண்டாகவே தெரியும்; அதற்குச் சிறு டார்ச்சின் கூர்ஒளி வேண்டும். தங்கமும் வைரமும் ஒரே தோட்டில் இருந்தால் வேட்டியும் வேண்டும், அதன் இடுக்கு வழியே டார்ச்சும் வேண்டும். டார்ச்சைப் பிடிக்கும் பொறுப்பு சித்திக்கு உரியது. உடன்தோன்றி ஆகாமல் அவரைத் தடுக்க வேறு வழியில்லை.

நிறத்தில் கேமரா தன் புத்தியைக் காட்டும். சட்டம் முழுதும் மஞ்சளானால், விளக்குதான் மஞ்சள் என்று எண்ணித் தானாகவே திருத்திவிடும். 22 காரட் வெளிறிப் போகும். அதே வெளிச்சத்தில் வெள்ளைத் தாளைக் காட்டி வெண்சமநிலையை நிறுவுவதே பரிகாரம். ஜன்னல் ஒளியையும் டியூப்லைட்டையும் கலப்பது தகாது. நகைக்கடை மடித்துத் தரும் ரோஸ் தாளைக் கீழே விரிப்பதும் தகாது; ஜிமிக்கியின் அடிவயிறு சிவக்கும்.

எடுக்குமுன் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் மென்தூரிகையால் கழுவி, துடைத்து, பிறகு வெறுங்கையால் தொடாதிருப்பது நலம். அரக்கு அடைத்த பழைய நகையையும் முத்தையும் ஊறப்போடலாகாது. நீல வெல்வெட் பெட்டியைத் தவிர்க்க: ஊரிலுள்ள தூசியெல்லாம் அங்கேதான் குடியிருக்கிறது.

தெளிவுக்கான இறுதிச் சோதனை திருகாணிப் பக்கம் உள்ளது. 1.7.2021 முதல் ஹால்மார்க் நகைகளில் பிஐஎஸ் சின்னம், தூய்மைக் குறி ஆகியவற்றோடு எழுத்தும் எண்ணும் கலந்த ஆறிலக்க அடையாளம் ஒன்றும் பொறிக்கப்படுகிறது. வெறுங்கண்ணுக்கு அது ஒரு கீறல். படத்தைப் பெரிதாக்கி அந்த ஆறையும் வாசித்து, பிஐஎஸ் கேர் செயலியில் இட்டுப் பார்க்க வேண்டும். விவரம் நகையோடு ஒத்துப்போனால் படமும் தேறியது, கடையும் தேறியது.